மூடிக்குள் முந்திய சொல்

சொன்னது அவனா, தானா? கதவைச் சாத்திவிட்டார்கள். அதிகாரிகள் உள்ளே கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வருகிறவரை மற்ற எல்லோரும் வெளியேதான் நிற்க வேண்டும், ராணுவ நீதிமன்றத்தின் வழக்கம் அது. கைதியும் அவனுக்குக் காவல் வந்தவனும் தூணோரம். கைதிக்காக வாதாடுகிற மேஜர் ஜெபசிங் படிக்கட்டில். சாட்சி தவசிலிங்கம் தண்ணீர்க் குழாயடியில், தண்ணீர் குடிக்காமல். தமயந்தி சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்து ரப்பர் மூடியை மடியில் கவிழ்த்து வைத்திருந்தாள். அதன் உள்விளிம்பில் அவள் மூச்சின் ஈரம் இன்னும் காயவில்லை. மலைமேல் கன்டோன்மென்ட், வெயில் வந்தும் குளிர் போகாத ஊர், தைலமர வாசனையோடு கான்டீனில் வர்க்கி சுடுகிற வாசனையும் கலந்து வந்தது. வேறொரு நாளாயிருந்தால் இந்நேரம் இரண்டு வர்க்கி வாங்கி டீயில் தொட்டுத் தின்றிருப்பாள். இன்றைக்கு எச்சில் விழுங்கவே யோசனையாயிருந்தது. விழுங்கினால் நாக்கில் ஒட்டியிருக்கிற அந்தச் சொல்லும் உள்ளே போய்விடுமோ என்று ஒரு பைத்தியக்காரப் பயம். "இருந்தான்." அவ்வளவுதான். ஒரு பையனை ஜெயிலுக்கு அனுப்பாமல் நிறுத்தி வைக்கிற சொல். அது அவள் வாயிலிருந்துதான் வந்தது, அதில் சந்தேகமில்லை. எல்லாருடைய எல்லாச் சொல்லும் அவள் வாயிலிருந்துதானே வருகிறது, வேலையே அதுதானே. ஆனால் அவன் சொல்லி இவள் சொன்னாளா, அவன் சொல்லாமலே இவள் சொன்னாளா? அங்கேதான் மாட்டிக்கொண்டு நிற்கிறது மனசு, முள்ளில் சேலை மாட்டின மாதிரி, இழுத்தால் கிழிகிறது, விட்டால் நகர மாட்டேனென்கிறது.

கோர்ட்டில் பேசுகிற ஒவ்வொரு வார்த்தையையும் பேசினபடியே எடுத்து வைக்க எந்த வழி தேவலை என்று பார்க்கத்தான் மேலிடம் மூன்று பேரையும் ஒரே மேஜையில் உட்கார வைத்திருக்கிறது. குமரகுரு சுருக்கெழுத்து. கேரளக்காரன் பிஜு மெஷின்காரன், ஆளுக்கொரு மைக் வைத்து எல்லாவற்றையும் ஒரு பெட்டிக்குள் பிடிப்பான். தமயந்தி மூடி. வாயையும் மூக்கையும் சேர்த்து மூடுகிற ரப்பர் மூடி, உள்ளே ஒரு குட்டி மைக். யார் என்ன பேசினாலும் ஒரு மூச்சு பின்தங்கி அதையே அவள் மூடிக்குள் மெதுவாகத் திருப்பிச் சொல்ல வேண்டும். வெளியே ஒரு பொட்டுச் சத்தம் வராது. வெளிச்சத்தமும் உள்ளே போகாது. அவள் குரல் மட்டும் தனியே சுத்தமாகப் பதியும். முதல் நாள் அதைப் பார்த்ததுமே குமரகுரு சிரித்துவிட்டான். "என்னக்கா, குதிரைக்குக் கொள்ளுப்பை கட்டின மாதிரி!" என்றான். "கொள்ளு உனக்கும் தரேன், வா" என்றாள் அவள். கேலிக்காரன்தான், ஆனால் அவன் எழுதுகிறதைப் பக்கத்திலிருந்து பார்த்தபோது அவள் அசந்துபோனாள். கைதியின் அப்பா வந்து சாட்சிக்கூண்டில் நின்று, "எம்புள்ள பொய் சொல்ல மாட்டாங்கய்யா" என்று சொல்லிவிட்டு விம்மினாரே, அத்தனையும் அவன் தாளில் ஒரு சின்ன வளைவும் ஒரு புள்ளியுமாக இருந்தது. அடேயப்பா! ஒரு மனுஷனின் வயிற்றெரிச்சல் கண்ணிமை மயிர் அளவுக்குள் அடங்குமா? அடங்கியிருந்தது. சாயங்காலம் அதை அவன் வாசித்தபோது அந்தப் பெரியவர் கண்முன்னே திரும்ப எழுந்து நின்றார். பிஜுவின் பெட்டி வேறு மாதிரி. அதற்குப் பெரியவர், சின்னவர் கிடையாது. கோர்ட்டுக்குத் தலைமை வகிக்கிற கர்னலின் கேள்வியும் நாற்காலி கிரீச்சிடுவதும் ஜன்னலில் காக்கை கத்துவதும் அதற்கு ஒன்றுதான். ஒன்றையும் தள்ளாது, ஒன்றையும் புரிந்துகொள்ளாது. சாமி இப்படித்தான் கேட்டுக்கொண்டிருக்கிறாரோ என்று ஒருநாள் தோன்றி அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. மூன்றாவது, அவள். வாயை வாடகைக்கு விட்டவள். எழுதுகிறவனுக்கும் பெட்டிக்கும் இல்லாத ஒன்று அவளுக்கு உண்டு, அதுதான் அவளை இந்த வேலையில் கட்டிப் போட்டது. எல்லோருடைய "நானு"ம் அவள் வாய்க்குள் வந்து போகும். "நான் குற்றவாளி இல்லை" என்று கைதி சொன்னதை ஒரு மூச்சு கழித்து இவளும் சொன்னாள். "நான் கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்" என்று கர்னல் அதட்டினதையும் இவள்தான் சொன்னாள். ஒரே நாக்கு, ஒரே பல், உள்ளே நீதிபதியும் கைதியும் அடுத்தடுத்து உட்கார்ந்து எழுந்து போகிறார்கள். மாலையில் வாய் கொப்பளிக்கும்போது இத்தனை பேரையும் துப்புகிறோமே என்று கூச்சமாயிருக்கும். இந்த வாய்க்கு என்ன புண்ணியம், என்ன பாவம் என்று யோசித்தால் தலை சுற்றும்.

சரி, நடந்ததை வரிசையாகப் பார்ப்போம், அழுது என்ன ஆகப்போகிறது. சிப்பாய் இசக்கிராஜா ஸ்டோர் வாசலில் பாரா நின்றிருக்கிறான். அடுத்த பாரா சிப்பாய் தவசிலிங்கம். அவன் வந்து மாற்றிக்கொள்கிறவரை இவன் நகரக் கூடாது. இடையில் எப்போதோ ஸ்டோர் பூட்டை உடைத்து உள்ளே இருந்த சாமான் போய்விட்டது. மாற்ற ஆள் வருமுன்னே இசக்கிராஜா இடத்தை விட்டுப் போய்விட்டான் என்பது குற்றச்சாட்டு. இசக்கிராஜா சொல்வது, தவசிலிங்கம் வந்தான், நான் ஒப்படைத்துவிட்டுத்தான் போனேன், அதற்கப்புறம் அவன்தான் எங்கேயோ போனான் என்று. அப்படியானால் தவசிலிங்கம் தலை உருளும். இரண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். அந்த நேரத்தில் அங்கே வேறு ஈ காக்கை இல்லை. ஆகவே ஒரே கேள்விதான், அதைத்தான் மேஜர் ஜெபசிங் இன்று காலை கேட்டார். "நீ மாத்த வந்தப்போ இசக்கிராஜா அங்க இருந்தானா, இல்லையா?" இவள் மூடிக்குள் அதைச் சொல்லி முடித்தாள். அந்த நேரம் பார்த்தா அந்த ஹெலிகாப்டர் கட்டடத்துக்கு மேலே வரும்? ஓடு அதிர்ந்தது, மேஜைமேல் தம்ளர் நடுங்கியது. தவசிலிங்கத்தின் தொண்டை ஏறி இறங்கியது. அவன் கண் ஒரு தரம் இசக்கிராஜாவிடம் போய்த் திரும்பியது. அதைப் பார்த்தாள். அது நிச்சயம். அப்புறம் உதடு... உதடு அசைந்ததா? இவள் வாய் "இருந்தான்" என்றது. சத்தம் மலைக்கு அந்தப் பக்கம் போன பிறகு கர்னல் பெள்ளியப்பா, "என்ன சொன்னே? திரும்பச் சொல்லு" என்றார். தவசிலிங்கம் நிமிர்ந்து, மனப்பாடம் மாதிரி, "காலியாத்தான் கிடந்தது சார்" என்றான். மேஜர் துள்ளி எழுந்தார். "சார், சத்தத்துல இவர் முதல்ல வேற என்னமோ சொன்னார். உதடு அசைஞ்சதை நான் பார்த்தேன்." "நான் ஒண்ணும் சொல்லலை சார்" என்றான் தவசிலிங்கம். பிஜுவின் பெட்டியைப் போட்டுக் கேட்டார்கள், தடதடதடவென்று ரெக்கை சத்தம், வேறொன்றுமில்லை. குமரகுருவை வாசிக்கச் சொன்னார்கள். "பதில், கேட்கவில்லை" என்று நேர்மையாக வாசித்தான். எல்லோர் கண்ணும் இவள் பக்கம் திரும்பியது. அரசுத் தரப்புக் கேப்டன் உடனே எழுந்து, அந்த அம்மா திருப்பிச் சொல்வதை சாட்சி சொன்னதாக எப்படி எடுத்துக்கொள்வது என்று ஆட்சேபித்தார். அதை முடிவு பண்ணத்தான் இப்போது கதவைச் சாத்தியிருக்கிறார்கள்.

ஆக, உதடு அசைந்ததாக மேஜரும் சொல்கிறார். அப்போ அவன்தான் சொன்னான். சொல்லித்தான் இருப்பான். பின்னே, எனக்கென்ன பேயா பிடித்திருக்கிறது, சொல்லாததைச் சொல்ல? என்று தமயந்தி மனசைத் தட்டிக் கொடுத்தாள். மனசு கேட்டால்தானே. நினைவில் சிவஞானம் வந்து நின்றார், அவள் புருஷன், மில்லில் தறிச் சத்தத்திலேயே முப்பது வயசுக்குள் காது போனவர். வீட்டுக்கு யார் வந்தாலும் அவர்கள் பேசுவதை இவள் அவர் முகத்துக்கு நேரே சத்தமில்லாமல் வாயசைத்துச் சொல்வாள். கல்யாண வீட்டில், டாக்டரிடம், டிவி முன்னால், எங்கேயும். இந்த வேலைக்கு ஆள் எடுத்தபோது, இது நான் வீட்டில் தினமும் செய்கிறதுதானே என்று வந்து நின்றவள்தான் அவள். போன பொங்கலுக்கு அவர் தங்கை வந்திருந்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்துவிட்டு காப்பித் தம்ளரைப் பார்த்தாள். இவள் அவரிடம், "அண்ணன் எங்க கூடவே வந்து இருக்கலாம்ல, அப்படீங்கறா" என்று வாயசைத்தாள். அவர் தங்கையையே பார்த்தார். அப்புறம் இவளைப் பார்த்தார். "அவ வாயே திறக்கலையே தமயந்தி. சொன்னதை மட்டும் சொல்லு. சொல்லாததைச் சொல்லி என்னை இன்னொரு தடவை செவிடாக்காத" என்றார். கோபமாகக்கூட இல்லை, அதுதான் குத்தியது. தங்கை அன்றைக்கு ராத்திரி அதே வார்த்தையைச் சொன்னாள் என்பது வேறு விஷயம். சொன்னாளே! அப்போ இவள் முன்னாலேயே கேட்டது என்ன? முந்திரிக்கொட்டை, என்று அம்மா சின்ன வயசில் திட்டுவாள். அடுத்தவர் வாக்கியத்தை முடித்து வைக்காமல் உனக்குத் தூக்கம் வராதாடி? பேச்சு என்பது வாயில் பிறக்கிறதா, அதற்கு முன்னாலேயே எங்கேயோ பிறந்து வாய்க்கு வந்து சேருகிறதா? வருகிற வழியில் பக்கத்து மனுஷியின் வாயில் தங்கிவிட்டுப் போகுமா? ஐயோ, என்ன உலகமப்பா இது, ஒருத்தர் நெஞ்சுக்குள் புறப்பட்டது இன்னொருத்தர் நாக்கில் வந்து இறங்குகிறது, நாமும் சாதாரணமாக டீ குடித்துக்கொண்டு, பஸ் ஏறி இறங்கிக்கொண்டு இதற்குள்ளேயே நடமாடுகிறோம். பயமாக இருந்தது. ஆனால் கும்பிட வேண்டும் போலவும் இருந்தது.

"அக்கா, மூஞ்சி ஏன் வெளுத்துக் கிடக்கு? டீ சொல்லட்டா?" குமரகுரு பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். வேண்டாமென்று தலையாட்டினாள். "இன்னிக்கு ஜெயிச்சது நீங்கதான். என் பென்சில் செவிடு, பிஜு பெட்டிக்கு ஹெலிகாப்டர் தவிர ஒண்ணும் தெரியலை. உங்க கொள்ளுப்பைதான் கெத்து" என்றான் மனசாரவே. அவனுக்குப் பொறாமையே கிடையாது, பாவி. அந்தப் பக்கமிருந்து மேஜர் வந்தார். "அம்மா, உங்க பதிவு தெளிவா இருக்குமில்ல?" "தெளிவா இருக்குங்க சார்" என்றாள். பொய்யில்லை, தெளிவாகத்தான் இருக்கும். மேஜர் தூணோரம் இருந்த இசக்கிராஜாவைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். அந்தப் பையன் இவளைப் பார்த்தான். இத்தனை நாளில் அவன் இவளை ஏறெடுத்துப் பார்த்ததேயில்லை, மூடி போட்ட ஒரு பொம்பளை, மேஜை நாற்காலி மாதிரி. இப்போது பார்த்தான். குலதெய்வத்தைப் பார்க்கிற பார்வை. ஐயா ராசா, என்னை அப்படிப் பார்க்காதே. தமயந்தி மூடியைத் திருப்பி வைத்தாள், திரும்பக் கவிழ்த்தாள். வாயை மூடிக்கொண்டு உள்ளேயே ஒருமுறை சொல்லிப் பார்த்தாள், காலையில் நடந்தபடியே. மூடி வேலையில் ஒரு வழக்கம் உண்டு. யார் பேசுகிறார் என்று பிற்பாடு தட்டச்சு செய்கிறவருக்குத் தெரிய வேண்டாமா, எல்லாம் இவள் குரல்தானே. அதனால் ஒவ்வொருவர் பேச்சுக்கும் முன்னால் அவருக்குரிய எண்ணைச் சொல்லிவிட வேண்டும். கர்னல் ஒன்று, கேப்டன் இரண்டு, மேஜர் மூன்று, சாட்சி நான்கு. பேசுகிறவர் வாய் திறந்ததும் எண் தானாக வந்துவிடும். நினைத்துச் சொல்வதில்லை, கண்ணில் தூசி விழுந்தால் இமை மூடுகிற மாதிரி. மூன்று, நீ மாத்த வந்தப்போ இசக்கிராஜா அங்க இருந்தானா இல்லையா. சத்தம். தம்ளர். தொண்டை. கண் போய்த் திரும்பியது. இருந்தான். இன்னொரு தரம். மூன்று, இருந்தானா இல்லையா. சத்தம். கண். இருந்தான். நாக்கு எத்தனை தரம் சொன்னாலும் அதே மாதிரிதான் சொல்லிற்று. "நாலு" அதில் இல்லை. நாலு சொல்லவில்லை அவள்.

நாலு இல்லையென்றால் அவன் வாய் திறக்கவில்லை. அது தன் சொல். அனாதையாக, எண் இல்லாமல் நிற்கிற சொல். தவளை தன் வாயால் கெடும் என்பது இதுதான். ஆனால்... யாருக்குத் தெரியப்போகிறது? கேட்கிறவர்களுக்குச் சொல்தான் காதில் விழும். எண் விட்டுப்போனது அவசரத்தில் விட்டுப்போனது என்று நினைத்துக்கொள்வார்கள். ஏன், இவளே இந்நேரம் வரை அப்படித்தானே நினைத்தாள். பேசாமல் இருந்தால் போதும். பொய்கூடச் சொல்ல வேண்டாம். பேசாமலிருப்பதுதானே அவள் வேலை, கோர்ட்டில் அவளுக்கென்று ஒரு வார்த்தை பேச உரிமை ஏது? அந்தப் பையன் அங்கேதான் இருந்தான். சத்தியமாக இருந்தான். தவசிலிங்கத்தின் கண் போன போக்கே சொல்லவில்லையா? உண்மையைத்தானே அவள் வாய் சொல்லியிருக்கிறது, யார் சொன்னால் என்ன? சொல்லப் போனால் சாமி காரியம். ஆமாம், சாமி காரியம்! என்று நினைத்த மாத்திரத்தில் அவளுக்குத் தன்னைக் கண்டே நடுக்கம் எடுத்தது. இன்றைக்கு இவனுக்கு நல்லதாக ஒரு சொல்லை நட்டு வைப்பாய். நாளைக்கு எவனையோ பார்த்தால் பிடிக்கவில்லையென்று இந்த நாக்கு வேறொன்றை முந்திச் சொன்னால்? அதையும் சாமி காரியம் என்பாயா? அந்தப் பையனின் அப்பா அழுததைக்கூட நீயே இட்டுக்கட்டினாயோ என்று யாரும் கேட்கலாமே. சொன்னதை மட்டும் சொல்லு தமயந்தி. ஆனால் இசக்கிராஜா பார்க்கிறானே. அந்தக் கண்ணை என்ன செய்வது? சொன்னால் அவன் ஜெயிலுக்குப் போவான். இவளுக்கு வேலை போகும், அது போனால் போகிறது, இட்லி மாவு ஆட்டியாவது பிழைத்துக்கொள்ளலாம். அவன் வயசு திரும்பி வருமா? மூடியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கதவு திறந்தது.

எல்லோரும் போய் அவரவர் இடத்தில் நின்றார்கள், உட்கார்ந்தார்கள். மூடிப் பதிவைக் கேட்பதென்று முடிவாகியிருக்கிறது என்றார் கர்னல். தவசிலிங்கம் திரும்பவும் கூண்டில். பிஜு அவள் பதிவை எடுத்துப் போட்டான். அந்த அறையில் முதல் தடவையாக அவள் குரல் எல்லோருக்கும் கேட்டது. மூன்று, என்றது குரல். நீ மாத்த வந்தப்போ இசக்கிராஜா அங்க இருந்தானா, இல்லையா. பிறகு ஒரு சத்தமும் இல்லை, ஹெலிகாப்டர் இல்லை, தம்ளர் இல்லை, மலை இல்லை, சுத்தமான அமைதி. அதிலிருந்து, பக்கத்தில் யாரோ காதோடு சொல்வது போல, "இருந்தான்." மேஜர் மேஜையைத் தட்டவில்லை, அவ்வளவுதான், மற்றபடி முகம் பூராவும் வெற்றி. இசக்கிராஜா கண்ணை மூடிக்கொண்டான். கர்னல் அவள் பக்கம் திரும்பி, "அம்மா, இது சாட்சி சொன்னதுதானே?" என்று மரியாதைக்காகக் கேட்டார். அவள் எழுந்தாள். எழுந்ததே அவளுக்குத் தெரியாது. "இல்லைங்க சார்" என்று சொல்லிவிட்டு, தன் சொந்தக் குரல் இவ்வளவு கரகரப்பா என்று ஆச்சரியப்பட்டாள். "அது நான் சொன்னதுங்க. அவர் எண்ணை நான் சொல்லலை. அப்படீன்னா அவர் வாய் திறக்கலைன்னு அர்த்தம். அவர் சொல்லப்போறார்னு நெனச்சேன். என் வாய் முந்திடுச்சு. மன்னிச்சுக்குங்க." மேஜர் மெல்ல உட்கார்ந்தார். அவள் இசக்கிராஜாவைப் பார்க்கக் கூடாதென்று நினைத்தாள், பார்த்துவிட்டாள். அவன் அவளை வெறுக்கவில்லை. ஒன்றும் புரியாமல் பார்த்தான், அது இன்னும் மோசமாயிருந்தது. கேப்டன் எழுந்து, அந்தச் சொல்லைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். எடுக்கவில்லை என்றார் கர்னல். "சாட்சி போகலாம்."

தவசிலிங்கம் போகவில்லை. கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றான். கர்னல் இன்னொரு தடவை, "போகலாம்" என்றார். அவன் கர்னலைப் பார்க்கவில்லை, மேஜரைப் பார்க்கவில்லை, தன் சிநேகிதனையும் பார்க்கவில்லை. தமயந்தியைப் பார்த்து, கோர்ட் என்பதையே மறந்துபோனவனாக, "எக்கா, அது உங்களுக்கு எப்படிக் கேட்டுச்சு?" என்றான். "நான் வாய் திறக்கலையே. மனசுக்குள்ளதான சொன்னேன்." பிறகு அவன் குரல் உடைந்தது. "அவன் இருந்தான் சார். நின்ன எடத்துலேயே நின்னான். ஒப்படைச்சுட்டுத்தான் போனான். நான்தான் டீ குடிக்கப் போய்ட்டேன் சார். நான்தான் சார்."

தமயந்திக்கு நாலு என்று சொல்ல வேண்டும் என்பது தெரிந்துதான் இருந்தது. மூடி கையில்தான் இருந்தது. ஒரு மூச்சு பின்தங்கி அவன் சொன்னதையெல்லாம் அவள் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, துடைக்கவும் தோன்றாமல் கூண்டில் நின்ற அந்தப் பையனையே பார்த்துக்கொண்டு நின்றாள். பக்கத்தில் குமரகுருவின் பென்சில் விடாமல் ஓடியது. பிஜுவின் பெட்டி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டது, கட்டை கிரீச்சிட்டதையும் சேர்த்து. அன்றைய மூடிப் பதிவில் மட்டும் அந்த வாக்குமூலம் கிடையாது.